16க்கு 11 அடி ஹாலுக்கு எந்த சப்வூஃபர்?

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கீழ் வீடு, ஹால் 16க்கு 11 அடி, உயரம் 10 அடி. டெனான் 5.1 ரிசீவர், முன்னால் ஐந்தேகால் இன்ச் வூஃபர் வைத்த புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் இரண்டு, ஒரு சென்டர், பின்னால் சின்னதாக இரண்டு. சப்வூஃபர், அதாவது பேஸை (கனமான கீழ்ச் சத்தத்தை) மட்டும் போடுகிற பெட்டி, அதுதான் பாக்கி, கையில் 30,000 ரூபாய் இருக்கிறது. கடையில் 12 இன்ச் போர்ட்டட் (துளை வைத்த பெட்டி) எடுக்கச் சொல்கிறார்கள், நண்பர் 8 இன்ச்சே போதும் என்கிறார், மாடியில் குடித்தனம் வேறு. அதிகம் கேட்பது பாட்டு, சனி ஞாயிறு படம். எது சரி, பழையது வாங்கலாமா என்கிறார்.

தம்பி, கேள்வியிலேயே ஹால் அளவைக் கொடுத்துவிட்டீர்கள், அதற்கே முதல் நன்றி. இந்தக் கேள்வி கேட்கும் பத்துப் பேரில் ஒன்பது பேர் வாட்ஸும் இன்ச்சும் மட்டும் சொல்வார்கள், அறையைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். சப்வூஃபர் விஷயத்தில் பாதிச் சத்தம் பெட்டியிலிருந்து வருகிறது, மீதியை உங்கள் சுவர்கள்தான் போடுகின்றன. அதனால் கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்துவிடுவோம்.

நம்ம ஊர் வெப்பத்தில் சத்தம் விநாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகும். அதை அடியாக மாற்றிப் பாதியாக்கினால் 570 சொச்சம் வரும். இந்த 570ஐ உங்கள் ஹாலின் நீளத்தால் வகுங்கள்: 16க்கு 36 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 36 அதிர்வு. அகலம் 11க்கு 52, உயரம் 10க்கு 57. இந்த மூன்று இடங்களில் உங்கள் ஹால் தானாகவே முழங்கும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் சின்னத் தள்ளலுக்கே பெரிதாக ஆடுகிறதே, அதே சங்கதிதான். சப்வூஃபர் எந்தக் கம்பெனி, என்ன விலை என்பதெல்லாம் இதை மாற்றாது.

இப்போது பாட்டுக்கு வாருங்கள். பேஸ் கிட்டாரின் கனமான தந்தி 41 ஹெர்ட்ஸ், அதற்கு அடுத்தது 55, அப்புறம் 73, 98. உங்கள் ஹால் முழங்குவது 52லும் 57லும், 55 அந்த இரண்டுக்கும் நடுவில் சரியாக உட்கார்ந்திருக்கிறது. அந்த ஸ்வரமும் அதற்கு அக்கம்பக்கத்து ஸ்வரங்களும் வரும்போதெல்லாம் ‘தும்’ என்று முட்டும், 41 வரும்போது ஆளையே காணோம் என்று இருக்கும். எண்பதுகளின் பாட்டுகளில் பேஸ் கிட்டார் ஏறி இறங்கித் தனியாக ஒரு மெட்டே போடும், உங்களுக்குத் தெரியும். அது இந்த ஹாலில் ஒரே ஒரு ஸ்வரமாகச் சப்பையாகிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. வாங்குகிற பெட்டி, வைக்கிற இடம், திருகுகிற குமிழ் எல்லாமே இந்த ஒரு காரியத்துக்காகத்தான்.

நான் இதைக் கற்றுக்கொண்ட விதத்தையும் சொல்லிவிடுகிறேன். பல வருடத்துக்கு முன்னால் ஒரு கடையில் 12 இன்ச் பெட்டி ஒன்றைக் கேட்டேன், கல்யாண மண்டபம் மாதிரி பெரிய ஷோரூம், கேட்கக் கேட்க அவ்வளவு சுகம். தூக்கிக்கொண்டு வந்து தொரப்பாடி வீட்டில் டிவிக்குப் பக்கத்து மூலையில் வைத்தேன். முதல் நாள் எல்லோருக்கும் சந்தோஷம், ஒரு வாரத்தில் தலைவலி. தவிலும் ஒன்று, பேஸ் கிட்டாரும் ஒன்று, லாரி போனாலும் அதே சத்தம். விற்றுவிடலாம் என்றுகூட நினைத்தேன். கடைசியில் பெட்டியை மூலையிலிருந்து எடுத்துச் சுவரின் நடுவுக்கு நகர்த்தினேன், சோபாவைப் பின்சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்தேன், அவ்வளவுதான். அதே பெட்டியில் பாட்டு தனித்தனியாகப் பிரிந்து கேட்டது. பத்து பைசா செலவில்லை.

சரி, பெட்டி. நீங்கள் படிக்கிற விமர்சனங்களில் பாதிக்கு மேல் அமெரிக்கர்கள் எழுதியவை. அவர்கள் வீட்டுச் சுவர் பெரும்பாலும் மரச்சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகை. பேஸ் வந்தால் அந்தப் பலகையே அசைந்துகொடுத்துக் கொஞ்சம் விழுங்கிவிடும், மீதியில் ஒரு பங்கு வெளியே போய்விடும். ஹாலும் பெரிது, சமையலறையோடு சேர்ந்தே திறந்திருக்கும். அவர்களுக்கு 12, 15 என்று தேவைப்படுவது நியாயம்தான். நமக்கு ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், மேலே கான்கிரீட், கீழே டைல்ஸ் அல்லது கிரானைட். பேஸ் போக வழியே இல்லை, உள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். இதில் நல்லதும் உண்டு: முதல் முழக்கத்துக்குக் கீழே, உங்கள் கணக்கில் 36 ஹெர்ட்ஸுக்குக் கீழே, கதவு ஜன்னல் சாத்திய அறை சப்வூஃபருக்குத் தோள் கொடுக்கும். அறை எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு உதவி. உங்கள் ஹால் மொத்தம் 1,760 கன அடி, ஆக பெரிய பெட்டி கட்டாயம் இல்லை. ஆனால் ஹாலிலிருந்து மாடிப்படியோ கதவில்லாத சாப்பாட்டு அறையோ திறந்திருந்தால் அந்த இடத்தையும் சேர்த்துத்தான் கணக்கு வைக்க வேண்டும், அதை நீங்கள் சொல்லவில்லை.

இதனால்தான் மூடிய பெட்டி, அதாவது சீல்டு, உங்களுக்குப் பொருந்தும் என்கிறேன். சீல்டு பெட்டியின் சத்தம் ஒரு எல்லைக்குக் கீழே ஆக்டேவுக்கு (ஹெர்ட்ஸ் பாதியாகும் ஒவ்வொரு முறையும்) 12 டெசிபல் வீதம் மெதுவாக இறங்கும். அது இறங்குகிற இடத்தில் அறை தூக்கிக் கொடுப்பதால் இரண்டும் ஒன்றை ஒன்று ஈடுகட்டும். போர்ட்டட் பெட்டி, துளை வழியாகவும் காற்றைத் தள்ளுவதால், தன் ட்யூனிங் (துளை முழங்கும்படி அமைத்த ஹெர்ட்ஸ்) வரைக்கும் நல்ல பலத்தோடு வரும், அதற்குக் கீழே ஆக்டேவுக்கு 24 டெசிபல் என்று சடாரென்று விழும். விலை குறைந்த போர்ட்டட் பெட்டிகளில் பலவற்றை, கடையில் கேட்டவுடன் பிடிக்க வேண்டும் என்று 35, 40 ஹெர்ட்ஸ் பக்கம் ட்யூன் செய்கிறார்கள். உங்கள் ஹால் 36ல் ஏற்கெனவே முழங்குகிறது, அதே இடத்தில் பெட்டியும் முழங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கடைக்காரர் சொன்ன 12 இன்ச்சை நான் வேண்டாம் என்பதற்குக் காரணம் இதுதான். 12 என்ற அளவின்மேல் எனக்கு ஒரு விரோதமும் இல்லை, சீல்டில் நல்ல 12 கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

நண்பர் சொன்ன 8 இன்ச்சையும் தள்ளிவிட முடியாது, வெறும் பாட்டு மட்டும் என்றால் போதும். ஆனால் படமும் பார்க்கிறீர்கள். ஒரே அளவு சத்தத்தை ஒரு ஆக்டேவ் கீழே, உதாரணமாக 40லிருந்து 20க்கு, கொண்டுபோக வேண்டுமானால் கூம்பு நாலு மடங்கு தூரம் முன்னும் பின்னும் ஓட வேண்டும். 8 இன்ச் கூம்பின் பரப்பு 12ஐப் பார்க்கப் பாதிகூட இல்லை, அது எவ்வளவுதான் ஓடும்? குண்டு வெடிக்கிற காட்சியில் மூச்சு வாங்கும், அல்லது உள்ளே இருக்கும் லிமிட்டர் அடக்கிவிடும், நமக்கு ‘டப்’ என்று மட்டும் கேட்கும். ஆக 10 இன்ச் சீல்டு, ஆம்ப் 150 வாட்ஸ் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய சக்தி) அல்லது அதற்கு மேல். இதுதான் உங்களுக்கு நான் தேடச் சொல்வது. நம்ம பக்கத்துக் கடைகளில் இந்த விலையில் போர்ட்டட்தான் அதிகம் நிற்கும், சீல்டு கேட்டால் வரவழைத்துத் தருகிறேன் என்பார்கள். காத்திருங்கள், அல்லது ஒரு நாள் காட்பாடியில் ரயில் ஏறிச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். கிடைக்கவே இல்லை என்றால் 10 இன்ச் போர்ட்டட் எடுத்து, முழக்கம் அதிகமானால் துளையில் ஃபோம் உருளையைச் செருகிப் பாருங்கள். சத்தம் கொஞ்சம் குறையும், ஆனால் பிடி கிடைக்கும். சில கம்பெனிகள் அந்த ஃபோமைப் பெட்டியோடேயே கொடுக்கின்றன.

வாட்ஸ் பற்றி ஒரே ஒரு வார்த்தை. பிஎம்பிஓ (விளம்பரத்துக்காக ஊதிப் பெருக்கிய கண நேர வாட்ஸ்) என்று போட்டிருந்தால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். ஆர்எம்எஸ்ஸிலும் இரண்டு மடங்கு வாட்ஸ் என்றால் கூடுவது 3 டெசிபல்தான், காதுக்குச் சத்தம் இரண்டு மடங்காகத் தெரிய ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும். இன்னொன்று, அட்டைப்பெட்டியில் ‘28 ஹெர்ட்ஸிலிருந்து’ என்று இருந்தால் அது எத்தனை டெசிபல் குறைவில் எடுத்த எண் என்று பாருங்கள். மைனஸ் 10ல் எடுத்த 28ம் மைனஸ் 3ல் எடுத்த 28ம் ஒன்றல்ல. சிடிஏ-2010 என்ற, சப்வூஃபரை அளக்கிற பொது முறையில் அளந்த எண்கள் கிடைத்தால் அதுதான் நம்பத்தக்கது. ஒரு சூதானம் வேண்டும்: அதைச் சிலர் இரண்டு மீட்டரில் ஆர்எம்எஸ்ஸாகக் கொடுப்பார்கள், சிலர் ஒரு மீட்டரில் பீக்காக (உச்ச அளவாக), இரண்டுக்கும் 9 டெசிபல் வித்தியாசம் உண்டு. கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா அன்றைக்கோ ஆடி மாசம் கூழ் வார்க்கும்போதோ தெருவில் வைக்கிற பெரிய பாக்ஸ் செட் நெஞ்சில் வந்து அடிக்குமே, அந்த அடி வீட்டில் வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். அது ஆழமான பேஸ் இல்லை, பெரும்பாலும் 60லிருந்து 100 ஹெர்ட்ஸ் வரைக்குமான இடம், திறந்த வெளியில் ஏராளமான சத்தத்தில் வருவது. பம்பையும் உடுக்கையும் அவ்வளவு உயிரோடு கேட்பதும் அந்தச் சத்தத்தால்தான். அந்த இடத்தை வீட்டில் நிரப்புவதில் உங்கள் முன் ஸ்பீக்கருக்கும் பாதிப் பங்கு உண்டு, அதனால் சப்வூஃபரும் ஸ்பீக்கரும் கை மாற்றிக்கொள்கிற இடம், அதாவது கிராஸ்ஓவர், ரொம்ப முக்கியம்.

ஐந்தேகால் இன்ச் புக்‌ஷெல்ஃப் என்றால் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ் பக்கத்தில் களைத்துப்போகும். ரிசீவரில் அத்தனை ஸ்பீக்கரையும் ‘ஸ்மால்’ என்று வையுங்கள் (கீழ்ச் சத்தம் சப்வூஃபருக்குப் போகட்டும்), கிராஸ்ஓவர் முன்னாலும் சென்டருக்கும் 80, பின்னால் இருக்கும் சின்னதுகளுக்கு 100 அல்லது 120. ஆடிஸி (பல டெனான் ரிசீவர்களில் இருக்கிற, அறையை அளந்து சத்தத்தைத் திருத்துகிற வசதி) மைக் வைத்து அளந்த பிறகு சில சமயம் முன் ஸ்பீக்கரை ‘லார்ஜ்’ என்று போட்டுவிடும், அதை நீங்கள் கையால் மாற்ற வேண்டும். கிராஸ்ஓவரை உயர்த்தலாம், அளந்து சொன்னதற்குக் கீழே இறக்கக் கூடாது. சப்வூஃபரின் முதுகில் இருக்கிற கிராஸ்ஓவர் குமிழை முழுக்கத் திருப்பி வைத்துவிடுங்கள், எல்எஃப்இ (ரிசீவரிலிருந்து வரும் சப்வூஃபர் ஒயருக்கான இடம்) என்று தனி உள்ளீடு இருந்தால் அதில் செருகுங்கள். இல்லாவிட்டால் இரண்டு வடிகட்டிகள் ஒன்றன் மேல் ஒன்றாக வேலை செய்து நடுவில் ஒரு பள்ளம் விழும். ஆடிஸி சப்வூஃபரின் தூரத்தை உண்மையைவிட அதிகமாகக் காட்டினால் திருத்தாதீர்கள், பெட்டிக்குள் இருக்கும் மின்சுற்று உண்டாக்குகிற தாமதத்தையும் சேர்த்துத்தான் அது சொல்கிறது. சத்த அளவு மைனஸ் 12 என்று கடைசியில் போய் நின்றால் மட்டும் பெட்டியின் வால்யூமைக் குறைத்துவிட்டு மறுபடி அளவெடுங்கள்.

ஃபேஸ் குமிழுக்குப் பலர் பயப்படுகிறார்கள், ஒன்றும் இல்லை, சப்வூஃபரும் ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் தள்ளும்படி ஒத்துப்போக வைப்பதுதான். 80 ஹெர்ட்ஸ் தொனியை ஓடவிட்டு, சோபாவில் நீங்கள் உட்கார்ந்துகொண்டு, வீட்டில் இருப்பவரை 0க்கும் 180க்கும் மாற்றச் சொல்லுங்கள். எதில் சத்தம் கூடுகிறதோ அதில் விடுங்கள்.

வைக்கிற இடம்தான் கடினமானது, பொறுமை இருந்தால் இதில்தான் உண்மையான பலன். மூலையில் வைத்தால் ஹாலின் மூன்று முழக்கங்களையும் ஒரே நேரத்தில் எழுப்பிவிடும். 11 அடிச் சுவரின் நட்டநடுவில் வைத்தால் அகலத்தால் வருகிற அந்த 52 எழும்பாது, உங்கள் ஹாலில் வம்பு செய்வதே அதுதான் என்பதால் நான் முதலில் அங்கே வைத்துப் பார்ப்பேன், டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இடம் பண்ணிக்கொள்ளுங்கள். அதில் திருப்தி இல்லை என்றால் தவழ்கிற முறை: சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் சோபாவிலேயே வைத்து, பேஸ் கிட்டார் நன்றாக ஏறி இறங்குகிற ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சுவரோரமாக முட்டிபோட்டுக்கொண்டு போய்க் காதை வைத்துக் கேளுங்கள். எந்த இடத்தில் ஒவ்வொரு ஸ்வரமும் ஒரே எடையில் கேட்கிறதோ அங்கே பெட்டியை வையுங்கள். காதால் ஒரு முறை கேட்டபின், போனில் தொனி ஆப் போட்டு 30லிருந்து 100 வரைக்கும் மெதுவாக ஏற்றிப் பாருங்கள், எங்கே வீங்குகிறது எங்கே காணாமல் போகிறது என்பது தெரிந்துவிடும்.

சோபா பின்சுவரை ஒட்டி இருக்கிறதா? அங்கேதான் 36 மிக அதிகமாக இருக்கும். ஹாலின் நடுவுக்கு வந்தால் அதே 36 முழுக்க மறைந்துபோகும். இரண்டுக்கும் இடைப்பட்ட இடம் நல்லது, இரண்டடி இழுத்தாலே மாற்றம் தெரியும். இதில் ஒரு வேடிக்கையும் சொல்கிறேன், 10 அடி உயர ஹாலில் எழுந்து நின்றால் காது ஏறக்குறைய ஐந்தடியில் இருக்கும், உயரத்தால் வருகிற 57 அங்கே மடிந்துவிடும். சோபாவில் உட்கார்ந்தால் பாதி வரும், தரையில் பாய் போட்டு உட்கார்ந்தால் இன்னும் கூடும். குழந்தைகள் தரையில் உட்கார்ந்துகொண்டு பேஸ் அதிகம் என்றால் பொய் சொல்லவில்லை.

மாடிக் குடித்தனம் விஷயத்தில் உண்மையைச் சொல்ல வேண்டும். பெட்டிக்கு அடியில் வைக்கிற ரப்பரும் ஃபோமும் தரை அதிர்வைக் குறைக்கும், காற்று வழியே போய்க் கூரையைத் தட்டுகிற பேஸை நிறுத்தாது. இரவில் சத்தத்தைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். குறைத்தால் பேஸ் முதலில் காணாமல் போகும், ஏனென்றால் நம் காது மெல்லிய சத்தத்தில் கீழ் ஸ்வரங்களைச் சரியாகப் பிடிப்பதில்லை. உங்கள் டெனானில் டைனமிக் ஈக்யூ இருந்தால் போட்டுவிடுங்கள், மெல்ல வைத்தாலும் பேஸ் விகிதம் குறையாது. பாட்டுக்கு மட்டும் அதன் ரெஃபரன்ஸ் லெவல் ஆஃப்செட்டை 10 அல்லது 15 வைத்தால் மிதமிஞ்சிப் போகாது. அப்புறம் ஒரு நல்ல நாளில் பகலில் கொஞ்சம் சத்தமாகப் போட்டுவிட்டு மாடிக்கு ஏறி அவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள், எந்த அளவுக்கு மேல் போகக் கூடாது என்று உங்களுக்கே தெரியும், அவர்களுக்கும் மனசு குளிரும்.

மின்சாரம். பெட்டியை வைத்ததும் ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் வந்தால் உடனே பெட்டி பழுது என்று தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். முதலில் செட்டாப் பாக்ஸின் கேபிள் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். என் வீட்டில் அதைக் கழற்றியதும் நின்றது, அந்த ஒயரில் ஒரு ஐசொலேட்டர் (இரைச்சலைத் தடுக்கிற சின்ன இணைப்பான்) போட்டபின் திரும்ப வரவே இல்லை. ரிசீவரும் சப்வூஃபரும் ஒரே பிளக் பாயிண்டில் இருக்கட்டும். இரைச்சல் நிற்கிறது என்பதற்காக எர்த் பின்னை வெட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து செய்யாதீர்கள், அது உயிர்ப் பிரச்சினை. கத்திரி வெயிலில் எர்த் குழி காய்ந்துபோகும், வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். இன்வர்ட்டர் ஸ்கொயர் வேவ் என்றால் அதில் சப்வூஃபரை ஓட்ட வேண்டாம், சைன் வேவ் பரவாயில்லை. வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்து தருகிறேன் என்றால் முதுகில் 230 வோல்ட் எழுதியிருக்கிறதா என்று போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். பெட்டியின் பின்னால் ஆம்ப் சூடாகும், வேலூர் மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும்போது அதற்கும் மூச்சுவிட இடம் வேண்டும், சுவரிலிருந்து அரை அடி தள்ளியே வையுங்கள்.

பழையது வாங்கலாமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். வாங்கலாம், 30,000க்கு நல்ல சீல்டு பெட்டி அப்படித்தான் எளிதாகக் கையில் வரும். கூம்பைச் சுற்றியிருக்கிற வளையம் ரப்பரா ஃபோமா என்று பாருங்கள். ஃபோம் என்றால் விரலால் மெல்லத் தொடுங்கள், மாவு மாதிரி உதிர்ந்தால் விட்டுவிடுங்கள், நம் சூட்டில் ஃபோம் சீக்கிரம் போகும். கூம்பை நான்கு விரலால் சமமாக அழுத்தி விட்டால் உள்ளே உரசல் சத்தம் வரக் கூடாது. அரை மணி நேரம் ஓடவிட்டு, பிறகு பாட்டை நிறுத்திவிட்டு இரைச்சல் இருக்கிறதா என்று கிட்டே போய்க் கேளுங்கள். பழைய ஹோம் தியேட்டர் செட்டோடு வந்த சப்வூஃபரைத் தனியாக விற்பார்கள், அதற்குள் பெரும்பாலும் ஆம்ப் இருக்காது, உங்கள் ரிசீவரோடு நேராகச் சேராது. சவுண்ட்பாரோடு வந்த வயர்லெஸ் பெட்டியும் அப்படியே, அந்த பாரோடுதான் பேசும்.

வாங்கி வைத்த முதல் நாள், பாட்டு போடுவதற்கு முன்னால் அந்தத் தொனி ஆப்பை இன்னொரு முறை 20லிருந்து 100 வரைக்கும் ஓட்டுங்கள். இப்போது பெட்டியை விட்டுவிட்டு வீட்டைக் கேளுங்கள். பீரோ கதவு, ஷோகேஸ் கண்ணாடி, ஜன்னல் கிரில், பரண் மேல் அடுக்கிய எவர்சில்வர் பாத்திரம் என்று ஒவ்வொன்றும் ஒரு எண்ணில் நடுங்கும். நடுங்குகிறதற்கெல்லாம் நடுவில் துணியோ ரப்பர் துண்டோ வையுங்கள். அதற்குப் பிறகு ஆடிஸியை ஓட்டுங்கள். மைக் அளவெடுக்கிற நேரம் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், குக்கர் விசில் அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.